துணைப் பிரதமர் நாற்காலி ராசியில்லாததா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சிக்கு முதல் நாள், ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அருகே உள்ள ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தம்பி, இந்த வாரம் என்ன தலைப்பு?" என்று கேட்டார். "துணைப் பிரதமர்கள், ஐயா" என்றேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அது ராசியில்லாத நாற்காலி தம்பி. ஒண்ணு ஆயுசு போகும், இல்லாட்டிப் பதவி போகும்" என்றார்.

சிரித்துக்கொண்டே விடைபெற்றேன். ஆனால் வீட்டுக்கு வந்து பெயர்களையும் பிறந்த தேதிகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, பெரியவர் சொன்னதை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. அந்தக் கணக்கை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ராசிதான் காரணமா, வேறு காரணம் உண்டா என்பதை நாம் சேர்ந்தே பார்ப்போம்.

முதல் மூவர்

நாட்டின் முதல் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக். 1922 மார்ச் 11ஆம் தேதி பகாங் மாநிலத்தின் பெக்கானில் பிறந்தவர். 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா நாளன்று பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 35 மட்டுமே. அதற்குப் பிறகு அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பதவிக்கு வரவில்லை. 13 ஆண்டுகள் துணைப் பிரதமராக இருந்தார். 1970 செப்டம்பரில் பிரதமரானார். 1976 ஜனவரி 14ஆம் தேதி லண்டனில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். வயது 53.

இரண்டாமவர் துன் டாக்டர் இஸ்மாயில். ஜொகூர்பாருவில் 1915 நவம்பர் 4ஆம் தேதி பிறந்தவர், தொழிலால் மருத்துவர். 1973 ஆகஸ்ட் 2ஆம் தேதி, துன் ரசாக் வெளிநாட்டில் இருந்த நேரத்தில், மாரடைப்பால் மறைந்தார். வயது 57. துணைப் பிரதமர் பதவியில் இருக்கும்போதே இறந்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். தேசியப் பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள மாவீரர் கல்லறையில் முதன்முதலாக அடக்கம் செய்யப்பட்டவரும் அவரே.

மூன்றாமவர் துன் உசேன் ஓன். இவரும் துன் ரசாக்கும் சகலைகள். அக்காள் தங்கையை மணந்தவர்கள். 51 வயதில் துணைப் பிரதமரானார். இதய நோய் அவரையும் விடவில்லை. 1981இல் லண்டனில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், அதே ஆண்டு ஜூலையில் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். 1990 மே 29ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 68 வயதில் காலமானார்.

இப்போது இந்த மூவரும் யாருடைய காலத்து மனிதர்கள் என்று பாருங்கள். நாட்டின் தந்தை துங்கு அப்துல் ரஹ்மான் 1903இல் பிறந்தவர். துன் ரசாக்கைவிட 19 வயது மூத்தவர். பதவி விலகிய பிறகு நம் பினாங்கில் ஆயர் ராஜா சாலை வீட்டில் வாழ்ந்தார். இன்று அந்தச் சாலைக்கே அவர் பெயர். பினாங்கில் தொடங்கப்பட்ட 'தி ஸ்டார்' நாளிதழில் வாரந்தோறும் எழுதினார். தமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்த துன் ரசாக், அவருக்குப் பின் வந்த டாக்டர் இஸ்மாயில், உசேன் ஓன் ஆகிய மூவரின் மறைவுச் செய்தியையும் கேட்ட பிறகே, 1990 டிசம்பர் 6ஆம் தேதி 87 வயதில் கண்மூடினார்.

மூத்தவர் இருக்க இளையவர்கள் போனார்கள். பெரியவர் 'ராசி' என்று சொன்னது இதைத்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ராசி என்றால் அது எல்லா இடத்திலும் வேலை செய்ய வேண்டும் அல்லவா? ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போவோம்.

அங்கே முதல் துணைப் பிரதமர் தோ சின் சாய். 1921இல் நம் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். 2012இல் 90 வயதில் மறைந்தார். இரண்டாமவர் கோ கெங் சுவீ, 1918இல் மலாக்காவில் பிறந்தவர். 2010இல் 91 வயதில் மறைந்தார். மூன்றாமவர் நம்மவர், எஸ். ராஜரத்தினம். 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். 1980இல் 65 வயதில் இரண்டாவது துணைப் பிரதமரானார். 2006 பிப்ரவரி 22ஆம் தேதி, 91ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் காலமானார்.

டாக்டர் இஸ்மாயிலும் ராஜரத்தினமும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவருக்கு 57, மற்றவருக்கு 90. துன் ரசாக்கும் தோ சின் சாயும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். ஒருவருக்கு 53, மற்றவருக்கு 90. அறுவருமே வெள்ளைக்காரன் ஆட்சியில் படித்தவர்கள். நாற்காலியும் ஒரே பெயருள்ள நாற்காலிதான். ஆக, ராசி நாற்காலியில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாட்டின் மிக இளைய துணை அதிபர் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் 1857இல் 36 வயதில் பதவியேற்றார். 54 வயதில் இறந்தார். நம் துன் ரசாக்கின் கணக்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள்! ஆனால் அதே பதவியில் இருந்த ஜான் கார்னர் 1967இல் 99ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்புதான் இறந்தார். இந்தியாவில் 1967 முதல் 1969 வரை துணைப் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய், 81 வயதில் பிரதமராகி, 99 வயது வரை வாழ்ந்தார். ஆறு பேர், பத்துப் பேர் ஆயுளை வைத்து ஒரு பதவிக்குச் சாதகம் எழுத முடியாது.

காலமும் ஒரு காரணம். சுதந்திரம் பெற்ற 1957இல் மலாயாவில் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56 ஆண்டுகள். பிறந்த குழந்தைகளின் மரணம் அதிகமாக இருந்ததும் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தது. இன்று அது 73ஐ ஒட்டியிருக்கிறது. மெர்டேக்கா தலைமுறையில் ம.இ.கா.வை வழிநடத்திய துன் வீ.தி. சம்பந்தனும் 1979இல் 59 வயதில்தான் மறைந்தார்.

மறைக்கப்பட்ட நோய்

ராசியை ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. துன் ரசாக்குக்கு இரத்தப் புற்றுநோய் என்பது நாட்டு மக்களுக்கு அவர் மறைந்த பிறகுதான் தெரியவந்தது. மருத்துவர்களும் டாக்டர் இஸ்மாயில் போன்ற மிகச் சிலரும் மட்டுமே அறிந்த இரகசியமாக அது ஆண்டுக்கணக்கில் இருந்தது. நோயோடு போராடிக்கொண்டே அவர் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்தார், 1974இல் சீனாவுக்குச் சென்று அரச உறவை ஏற்படுத்தினார்.

டாக்டர் இஸ்மாயிலின் நிலை இன்னும் உருக்கமானது. 1967இல் உடல்நலக் காரணத்தால் அமைச்சரவையை விட்டு விலகியவர் அவர். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடு அழைத்தது, திரும்பி வந்தார். பினாங்கில் பிறந்த வரலாற்றாசிரியர் ஊய் கீ பெங் 2006இல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்குத் 'தயங்கிய அரசியல்வாதி' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ஆக, பிரதமருக்கும் நோய், துணைப் பிரதமருக்கும் நோய். இருவரில் யார் முந்துவார் என்று தெரியாமலேயே நாடு மூன்று ஆண்டுகள் நடந்திருக்கிறது.

அன்றைய சூழ்நிலையில் அதை வெளியே சொல்லியிருந்தால் குழப்பம் வந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் துணைப் பிரதமர் என்ற பதவி நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதப்படவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அது வழக்கத்தால் வந்த பதவி. ஆள் இல்லாவிட்டால் உடனே நிரப்பு என்று சட்டம் சொல்வதில்லை. 1973இல் அந்த நாற்காலி 11 நாள் காலியாக இருந்தது. 1998 செப்டம்பரிலிருந்து நான்கு மாதம் காலி. 2020இல் ஆட்சி மாறியபோது காலியானது, கோவிட் பெருந்தொற்றின் நடுவே 2021 ஜூலை வரை ஓராண்டுக்கு மேல் நிரப்பப்படவே இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் தலைவர்களின் உடல்நலம் குடும்ப விஷயம் மட்டும் அல்ல.

வழி மாறியது எப்போது? டாக்டர் மகாதீருக்கு 1989இல் மாரடைப்பு வந்தபோது, அவர் வெளிநாட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நாடே செய்தியாகப் படித்தது. 1992இல் தேசிய இருதயக் கழகம் இயங்கத் தொடங்கியது. 2018இல் அமைச்சராக இருந்த முகிதீன் யாசினின் கணையத்திலிருந்து புற்றுக்கட்டி அகற்றப்பட்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதனால் அவருடைய அரசியல் முடிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் 72 வயதில் பிரதமரானார். நம் கெப்பாலா பத்தாஸ் மண்ணின் மைந்தர் துன் அப்துல்லா அகமட் படாவிக்கு மறதி நோய் வந்ததை 2022இல் அவருடைய மருமகன் பொதுமக்களிடமே சொன்னார். 2025 ஏப்ரல் 14ஆம் தேதி அவர் தேசிய இருதயக் கழகத்தில் 85 வயதில் மறைந்தபோது, நாடு அதிர்ச்சி அடையவில்லை. அமைதியாக அழுது வழியனுப்பியது.

பதவி போனவர்கள்

பெரியவர் சொன்ன இரண்டாவது பாதி: "இல்லாட்டிப் பதவி போகும்." 1957 முதல் இதுவரை 14 பேர் துணைப் பிரதமராக இருந்திருக்கிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் பிற்பாடு பிரதமராகியிருக்கிறார்கள். பாதிக்கு மேல்!

பதவியை இழந்தவர்களின் ஆயுளையும் பாருங்கள். 1986இல் தாமாக விலகிய மூசா ஹீத்தாம் 2024இல் 90 வயதை எட்டினார். 1993இல் இடத்தை இழந்த கபார் பாபா 2006இல் 81 வயதில் மறைந்தார். செபராங் பிறை சிரோக் தோக்குனில் பிறந்த அன்வார் இப்ராஹிம் 46 வயதில் துணைப் பிரதமரானார், 51இல் நீக்கப்பட்டார், சிறைக்குப் போனார். 2022 நவம்பர் 24ஆம் தேதி 75 வயதில் பிரதமராகப் பதவியேற்றார். 51க்கும் 75க்கும் இடையே 24 ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவருடைய துணைவியார் டாக்டர் வான் அஸிஸா 2018இல் 65 வயதில் நாட்டின் முதல் பெண் துணைப் பிரதமரானார். கணவனும் மனைவியும் ஒரே நாற்காலியில் அமர்ந்த வரலாறு நம்முடையது. மாறாக, இஸ்மாயில் சப்ரி அந்த நாற்காலியில் இருந்தது 2021இல் 40 நாட்களே. அங்கிருந்து நேராகப் பிரதமரானார்.

இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். முதல் ஏழு துணைப் பிரதமர்கள் பொறுப்பேற்றபோது சராசரி வயது 49. அடுத்த ஏழு பேருக்கு ஏறத்தாழ 60. நாட்டின் மக்கள்தொகையில் இளைஞர்கள் இவ்வளவு பேர் இருக்க, இரண்டாம் நாற்காலியின் வயது மட்டும் பத்து ஆண்டுகள் கூடியிருக்கிறது. 35 வயதில் ஒருவரை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுத்த நாடு இது என்பதை இன்றைய கட்சிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். வயது கூடக் கூட உடல்நலம் பற்றிய வெளிப்படைத்தன்மையின் தேவையும் கூடுகிறது.

முடிவாக

மறுபடியும் அதே கோப்பிக் கடைக்குப் போய்ப் பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ ராசி இல்லேங்கிறீங்க" என்றார். "ராசி இல்லை ஐயா, இரகசியம்தான் இருந்தது" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் இனிப்புநீர் இருக்கு தம்பி, மகனுக்கு இன்னும் சொல்லலே" என்றார்.

அன்பர்களே, இது பிரதமர்களோடு நிற்கும் விஷயம் அல்ல. நம் வீடுகளிலும் சங்கங்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் மூத்தவர்கள் நோயை மறைத்துக்கொண்டு சுமையைத் தூக்குகிறார்கள். "சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்று நினைக்கிறார்கள். அடுத்தவரைத் தயார் செய்யாமலேயே ஒரு நாள் போய்விடுகிறார்கள். டாக்டர் இஸ்மாயிலையும் துன் ரசாக்கையும் நாம் மரியாதையோடு நினைப்போம். அவர்கள் தனியே சுமந்ததை இனி யாரும் தனியே சுமக்க வேண்டாம். அந்தப் பெரியவர் அன்று மாலையே மகனிடம் சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.