பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை

"உங்க ஊர் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லித் தர்றாங்களா?" டவுன்ல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கம்ப்யூட்டர் இருக்கு. சொல்லித் தர்றதுதான் விஷயம். இதுக்குப் பின்னால் நாற்பது வருசக் கதை இருக்கு.

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் 'பிபிசி மைக்ரோ' என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி செய்தது. 32 கிலோபைட் நினைவகம்தான். இன்னிக்கு வாட்ஸப்பில் வர்ற குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. ஆனால் சுவிட்ச் போட்டதும், 'பேசிக்' மொழியில் நீ எழுது, நான் செய்கிறேன் என்று காத்திருக்கும். 1982 ஜனவரியில் பிபிசி டிவியில் கம்ப்யூட்டர் பாடத் தொடரே ஆரம்பித்தார்கள். பள்ளிகள் கம்ப்யூட்டர் வாங்க அரசாங்கம் பாதி விலை கொடுத்தது. பெட்டியும் பாடமும் சேர்ந்தே வந்தன.

அதே பெட்டி 1984-85ல் நம்ம நாட்டுக்கும் வந்தது. மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம். சுமார் 250 பள்ளிகளில் தொடங்கி, மொத்தம் 12,000 பெட்டிகளை மாநிலங்கள் வழியாகக் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு 12,000! பிறகு எட்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பள்ளி ஒன்றுக்கு வருசம் 80,000 ரூபாய் ஒதுக்கினார்கள். பராமரிப்புச் செலவெல்லாம் அதற்குள்தான்.

மானியத்தில் வர்ற சொட்டுநீர்க் குழாய் பல தோட்டங்களில் வரப்போரம் சுருட்டிக் கிடக்கும். ஃபில்டரை எப்படிக் கழுவணும்னு யாரும் சொல்லித் தரலைன்னா அப்படித்தான் ஆகும். கம்ப்யூட்டருக்கும் அதே கதிதான்.

பக்கத்துக் கேரளாவில் 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வேறு வழியில் போனது. ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களையே பழக்கினார்கள், மலையாளத்தில் பாடம் கொடுத்தார்கள். நம்ம தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கே இலவச லேப்டாப் வந்தது. குடிசை வீட்டுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது பெரிய காரியம்தான். ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்ற பாடம் கூடவே வரவில்லை.

பெட்டி மட்டும் போதாதுன்னு இங்கிலாந்தும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டது. 1990களுக்குப் பிறகு அங்கேயும் பாடம் டைப் அடிக்கிறது, படம் போட்டுக் காட்டுறதுன்னு சுருங்கிப்போச்சு. 2012ல் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டு அதைக் கண்டித்தது. 2014 செப்டம்பரில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்தே 'அல்காரிதம்' சொல்லித்தரணும்னு ஆச்சு.

பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். "இந்த வயல் நிறைஞ்சா மடையை அடை, அடுத்ததைத் திற, நிறையலையா, காத்திரு." தண்ணி பாய்ச்சுற பையனுக்கு இது தெரியும். அதுதான் அல்காரிதம். அவனுக்குத் தெரிஞ்சதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதக் கத்துக்கொடுக்க ஓர் ஆள்தான் வேணும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் அறை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கு. திறந்தா ரிப்பேர் ஆயிடுமாம்! அங்கே படிக்கிற பிள்ளைக்கு அந்தப் படிப்பை வீட்டில் சொல்லித்தர யாரும் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பழைய லேப்டாப் கொண்டு வர்றேன்னு சில பேர் சொல்றீங்க. சந்தோசம். கூடவே ஒரு ரெண்டு நாள் பொழுதையும் ஒதுக்கிட்டு வாங்க. தலைமை ஆசிரியர்கிட்ட நானே பேசுறேன்.