ஒருங்குறி

‘ஒருங்கு’ என்றால் ஒன்றுசேர, ‘குறி’ அடையாளம். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடுக்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. கறாராகப் புணர்த்தினால் ‘ஒருங்குகுறி’ என்றுதான் வரவேண்டும். நாக்கு ஒரு ‘கு’வை விழுங்கிவிட்டது. நல்லதே செய்தது.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்தாருக்குப் பீங்கான் தெரியும்: சூளையில் வெந்ததை மறுபடி பிசைய முடியாது. 1993இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் அந்த ரகம். அதை வேர்டுக்கு மாற்றும்போதுதான் ஒருங்குறியின் அருமை புரியும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘க’வுக்கென்று சொந்த எண் கிடையாது, ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில் குடியிருக்கும். பாமினியில் அடித்த ‘தமிழ்’, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சிதறும். ஒருங்குறியில் ‘க’வின் எண் 2965, எந்தக் கணினியிலும் அதுவே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறிக் கோப்பிலும் வம்பு உண்டு. பிடிஎஃப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வடிவங்களை அடுக்குவதால், ‘கொ’வின் கொம்பு கழன்று முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மனுவோ பத்திரமோ, மாற்றியபின் ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.