தேயிலைத் தரமும் தோட்ட மக்களின் குரலும்

ஊவா மலைச்சாரலில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்று அப்பகுதித் தேயிலைக்குத் தனி நறுமணத்தை அளிக்கின்றது. எனினும், பதுளையிலும் பசறையிலும் பறிக்கப்படும் கொழுந்து தேயிலைத்தூளாகி உலகச் சந்தையை அடைவதற்கு நறுமணம் மட்டும் போதாது. ஐ.எஸ்.ஓ. 3720 எனப்படும் கறுப்புத் தேயிலைக்கான தரநியமத்தையும் அது நிறைவு செய்ய வேண்டும். நீரில் கரையும் சாறு குறைந்தது 32 வீதம், சாம்பல் 4 முதல் 8 வீதம், நார்ப்பொருள் ஆகக்கூடியது 16.5 வீதம் என்பன அதன் முக்கிய அளவுகளாகும்.

இவற்றை எந்தவொரு அரசாங்கமும் ஆணையிட்டு விதிக்கவில்லை. 1947இல் செயற்படத் தொடங்கிய சர்வதேச தர நிர்ணய அமைப்பின் துணைக்குழுவில் தேயிலையை விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடிப் பேசியே இவற்றை வகுத்தன. வரைவு சுற்றுக்கு விடப்படும்; ஆட்சேபனைகள் ஆராயப்படும்; பின்னர் வாக்கெடுப்பு நடைபெறும். பங்குபற்றும் உறுப்பு நாடுகளின் வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவாக இருத்தல் வேண்டும். மொத்த வாக்குகளில் காற்பங்குக்கு மேல் எதிராக இருத்தலாகாது.

கருத்தொருமிப்பு என்பது அனைவரும் ஒரே குரலில் ஆமோதிப்பதன்று. முக்கிய விடயங்களில் எவரும் விடாப்பிடியான எதிர்ப்பைக் கொண்டிராத நிலையே அதுவாகும். ஆகவே, பேசாதிருப்பவர் இணங்கியவராகவே கொள்ளப்படுவார்.

நமது நாட்டில் இப்பணி 1984ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை கட்டளைகள் நிறுவனத்தைச் சார்ந்தது. வரைவுகள் மீது கருத்துக் கூறக் குறைந்தது 60 நாட்கள் வழங்கப்பட வேண்டுமென்பது உலக வர்த்தக அமைப்பின் நன்னடத்தைக் கோவையின் விதியாகும்.

சுயவிருப்பின் பேரிலான தரநியமம் தோட்டத்திற்கு வரும்போது கட்டாயமாகிவிடுகின்றது. ஏற்றுமதித் தேயிலைக்கு ஐ.எஸ்.ஓ. 3720ஐயே ஆகக்குறைந்த தரமாக இலங்கை தேயிலைச் சபை கொண்டுள்ளது. முற்றிய இலை கூடினால் நார்ப்பொருளும் கூடும். எனவே, எங்கோ ஒரு குழு தீர்மானித்த வீதமே எந்த இலை கூடைக்குள் விழலாம் என்பதையும் தீர்மானிக்கின்றது. அதன் பாரம் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் சிறுதோட்ட உடைமையாளரையுமே சென்றடைகின்றது.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பர். தொழிற்சங்கங்களும் சிறுதோட்ட உடைமையாளர் சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் காட்டும் அக்கறையை இவ்வரைவுகளிலும் காட்டுதல் அவசியமாகும். அவ்வரைவுகள் தமிழிலும் உரிய காலத்தில் கிடைப்பதை உறுதிசெய்வது அதிகாரிகளின் கடமை. கருத்துக் கேட்கப்படாதோரின் மௌனத்தைக் கருத்தொருமிப்பு எனக் கொள்வது நியாயமாகாது என்பதே நமது நிலைப்பாடு.