திருவிதாங்கூர்க் காசுகளும் ஒரு பழைய எல்லையும்

அரண்மனைகளையும் கல்வெட்டுகளையும் சரித்திரச் சான்றுகளாகப் போற்றும் நாம், பழம்பெட்டியின் அடியில் கிடக்கும் செப்புக்காசுகளை அவ்வாறு மதிப்பதில்லை. தென்திருவிதாங்கூரிலிருந்து டில்லிக்கும் பம்பாய்க்கும் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் சிலவற்றில், பாட்டி வைத்துச் சென்ற காசுகள் என்று ஒரு சிறு முடிப்பு இன்றும் இருக்கக்கூடும். அதனை முறையாகத் தொகுத்தால் என்ன தெரியவரும் என்பதைச் சிறிது காண்போம்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அண்மையில் செங்கல் என்னும் ஊர் உள்ளது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள களியக்காவிளையில் இன்று கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இந்த எல்லை 1956 நவம்பர் 1 ஆம் நாள் ஏற்பட்டது. அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்குமுன் செங்கல்லும் நாகர்கோவிலும் ஒரே சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. இரண்டு ஊர்ச் சந்தைகளிலும் ஒரே காசே புழங்கியது.

அக்காசின் கணக்கு வருமாறு: 16 காசு கொண்டது ஒரு சக்கரம்; 4 சக்கரம் ஒரு பணம்; 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது உள்நாட்டு ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் புகுந்தால் சக்கரக் கணக்கு மறைந்து அணாக் கணக்குத் தொடங்கும். பிரிட்டிஷ் ரூபாய் சமஸ்தானத்திற்குள்ளும் வழங்கியமையால், வாணிகர் இரு கணக்கையும் கற்றிருக்க வேண்டியதாயிற்று. அந்த இரு ரூபாய்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமை எட்டுக் காசு. அந்த மதிப்பிற்கென்றே தனியொரு செப்பு நாணயமும் இருந்தது. ஆகவே, எட்டுக் காசு இல்லாத தொகுதியில் அந்தப் பழைய எல்லையின் கணக்கே விடுபட்டுப் போகிறது.

வெள்ளிச் சக்கரம் குன்றிமணி அளவினதான மிகச் சிறு நாணயம். ஆயிரக்கணக்கில் இதனைக் கையால் எண்ணுவது எளிதன்று. இதற்கெனச் சக்கரப் பலகை என்னும் சாதனத்தை நம் முன்னோர் அமைத்தனர். மரப்பலகையில் நாணயத்தின் அளவிற்கேற்ற சிறு குழிகளை வரிசை வரிசையாகக் குடைந்திருப்பார்கள். ஒரு பிடி சக்கரத்தை அதன்மேல் கொட்டி அசைத்தால், குழிக்கு ஒன்றாக நாணயங்கள் அமரும். மிகுந்ததை வழித்துவிட்டால் எண்ணிக்கை தெரிந்துவிடும். குழி காலியாக இருந்தால் குறை கண்ணுக்குத் தெரியும். நாணயம் சேர்ப்போர் இன்று கையாளும் தட்டும் இதே முறையில் அமைந்ததே.

இனி, தொகுதி அமைக்கும் முறையைப் பார்ப்போம். முதலில் வகைக்கு ஒன்று சேர்த்தல் நன்று: ஒரு காசு, நான்கு காசு, எட்டுக் காசு, சக்கரம், பணம், கால் ரூபாய், அரை ரூபாய். அடுத்து அரசர்வாரியாகப் பிரிக்கலாம். செப்புக்காசுகள் பலவற்றில் ஆண்டு இல்லை; ஆயினும் மூலம் திருநாள் (1885–1924) காலத்து நாணயங்களில் ஆர், வி என்னும் ஆங்கில எழுத்துகளும், சித்திரைத் திருநாள் காலத்து நாணயங்களில் பி, ஆர், வி என்னும் எழுத்துகளும் பின்னிக் காணப்படும். சங்கு சமஸ்தானத்தின் சின்னம். வெள்ளி நாணயங்கள் பலவற்றில் உள்ளது கொல்லம் ஆண்டு. அதனுடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1116 என்பது 1940 ஆகஸ்டு முதல் 1941 ஆகஸ்டு வரையிலான ஆண்டாகும். இதனை அறியாதார் ஒன்பது நூற்றாண்டுப் பழமை என்று மயங்கி அதிக விலை கொடுத்து ஏமாறுவதுண்டு.

1949 ஜூலை 1 ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதன்பின் தனி நாணயத்திற்கு இடமில்லாது போயிற்று. இனிப் புதிய காசு வாராது. எனவே இத்தொகுதியை முழுமையாக்குவது இயலக்கூடிய காரியமே. ஆனால் இருப்பவை நாள்தோறும் குறைகின்றன. வெள்ளி உருக்கப்படுகிறது, அரிய காசு மட்டும் தனியே விற்கப்பட்டு, எஞ்சியவை சிதறுகின்றன.

சேர்த்ததைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைகளே. செம்புப் பாத்திரத்தைப் போலப் புளியிட்டு விளக்கினால் காசு பளபளக்கும். ஆனால் காலம் தந்த மேற்பூச்சும் எழுத்தின் கூர்மையும் போய்விடும். பிறகு அதனை மீட்க வழியில்லை. நாணயத்தை விளிம்பில் பிடித்தே எடுக்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுப் பச்சை படியச் செய்யும்; பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற தாளோ ஏற்றது. ரப்பர் வளையத்திலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கடற்கரை நகரங்களில் வாழ்வோர் பெட்டியினுள் ஈரம் உறிஞ்சும் ஸிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தல் நலம். பொடியாக உதிரும் இளம்பச்சைக் களிம்பு கண்ட காசை மற்றவற்றினின்று விலக்கி வைக்க வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது, ஒவ்வொரு காசுடனும் ஒரு சீட்டு வைப்பது. யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரில் கிடைத்தது, எந்த ஆண்டு என்று அதில் எழுதுக. சந்தையில் ஒரு காசு வாங்கிவிடலாம். அது செங்கல்லில் ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது என்ற செய்தியை வாங்க இயலாது. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்ல 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடைவிதித்துள்ளதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஊருக்குச் செல்லும்போது நெடுமங்காட்டிலுள்ள கோயிக்கல் அரண்மனையின் நாணயக் காட்சிச்சாலையைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். திரும்பி வந்து வீட்டிலுள்ள முடிப்பை அவிழ்த்துக் காசுகளை அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஆரல்வாய்மொழியில் சில்லறை மாற்றிய கணக்கையும், களியக்காவிளையில் எல்லையே இல்லாதிருந்த காலத்தையும் அந்த வரிசையைக் கொண்டே நாம் அவர்களுக்குச் சொல்லிவிட முடியும்.