கண்டிச் சீமையார் கடல் கடந்து கொண்டுசென்றவை

மலைநாடு முழுவதையுமே கண்டிச் சீமை என்று கூறுதல் தமிழகத்துச் சிற்றூர் வழக்கு. 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய நாள்முதல், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னரும், அச்சீமையை நாடி வந்தோர் மிகப் பலர். அவர்தம் உழைப்பைப் பற்றி எழுதியோர் உளர். உழைத்து ஈட்டிய உரிமை கடல் கடந்தபோது என்னாயிற்று என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

ஆதியில் தொழிலாளியுடன் பயணஞ் செய்தது உரிமையன்று, கடனே. கங்காணியின் கடனைக் குறித்த 'துண்டு' இன்றி அவன் தோட்டம் மாறுதல் அரிது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்னர் இந்திய அரசின் ஏஜெண்டு கண்டியில் அமர்ந்து தொழிலாளர் நலன் கவனித்தார். 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பிறந்தது.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எனினும் 1958 இல் எழுந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், உழைப்போன் எந்நாட்டவன் என்று வினவவில்லை. வாக்குரிமை இழந்த கொழுந்து பறிப்பவளுக்கும் அந்நிதியிலே தன் பெயரில் ஒரு கணக்கு இருந்தது. இஃது எளிய செய்தியன்று.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. ஆட்களை எண்ணிய இவ்வுடன்படிக்கையில் அவர்தம் பொருளைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அமைந்து, சேமலாப நிதியும் பணிக்கொடையும் உள்ளிட்ட உடைமைகளை இறுதிப் பயணத்தின்போது கொண்டுசெல்லலாம். குடும்பமொன்று கொண்டுசெல்லத்தக்க உச்சத்தொகை 4,000 ரூபாவிற்குக் கீழே குறைக்கப்படலாகாது. தொழிலாளியொருவருக்கு அன்று, குடும்பத்துக்கே இவ்வரம்பு என்பதை நோக்குக. கணவனும் மனைவியும் வளர்ந்த மக்களும் தனித்தனியே பெயர் பதிந்து உழைத்த லயத்தில், கணக்குகள் பல, அளவுகோல் ஒன்று!

உடன்படிக்கை நாளில் வேலையிலிருந்தோர், புறப்படும் நாள்வரை அல்லது 55 வயதுவரை, இவற்றுள் முந்தியது வரை தொழிலில் நீடிக்கலாம் என்ற பிரிவு நன்றே. ஆயின் புறப்படுவதற்கோ தோட்டக் கணக்கு, நிதிக் கணக்கு, கடவைச்சீட்டு மூன்றும் ஒத்துவர வேண்டும். செக்ரோலில் ஒரு பெயரும் கடவைச்சீட்டில் வேறொரு பெயரும் இருப்பின் ஏழைக்கு நேரும் அலைச்சல் சொல்லாமலே விளங்கும். தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர்.

அக்கரையில் மண்டபம் முகாமும், மறுவாழ்வுக் கடனும், சிலர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலையும் கிடைத்தன. இங்கே உழைத்த ஆண்டுகளோ அங்கே எண்ணப்படவில்லை. நாற்பது வயதினன் மீண்டும் முதலாம் நாளிலிருந்து தொடங்கினான். இரு நாடுகளில் உழைத்த காலங்களைக் கூட்டிக் கணிக்கும் கொள்கையைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1935 இலேயே தன் 48 ஆம் உடன்பாட்டில் வகுத்திருந்தது. 1964 இன் உடன்படிக்கை பணத்திற்கு வழிவிட்டது, காலத்திற்கு வழிவிடவில்லை.

1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றிருந்தனர். இந்தியக் கடவைச்சீட்டுடன் மலையிலே தங்கிவிட்டோர்க்கு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இலங்கைப் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது.