நந்தனார் பள்ளி காட்டும் வழி

சென்று சேர வேண்டிய ஊர் தெளிவாகத் தெரிந்தவனுக்கே கால் சோர்வதில்லை. இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு.

1890ஆம் ஆண்டில் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்தார். அன்று நம் பிள்ளைகளுக்கு வயற்கூலியே எதிர்காலம். பிள்ளை பள்ளிக்குச் சென்றால் வீட்டில் ஒரு கூலி குறையும். இந்நிலையில் 1916ஆம் ஆண்டில் அவர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தோர் 25 பேரே. அவரோ அந்த 25 பேரிடத்தில் நாளைய ஆசிரியர்களையும் அலுவலர்களையும் கண்டார். ஆதலால் 1959ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியில் தளரவில்லை. 1926ஆம் ஆண்டு முதல் சென்னைச் சட்டசபையிலும் நம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். அன்று அவர் நட்ட வித்து, ஆண்கள், பெண்கள் என இரு அரசு மேனிலைப் பள்ளிகளாக இன்றும் சிதம்பரத்தில் விளங்குகிறது.

“சமூகம் உயர வேண்டும்” என்று பொதுவாக விரும்புவது எளிது; அவ்விருப்பம் நாளடைவில் ஓய்ந்துவிடும். நம் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளை யார், எந்த வகுப்பில் அப்பிள்ளையை மீண்டும் சேர்ப்பது, கட்டணத்திற்கு யார் பொறுப்பு என்று பெயரிட்டு எண்ணும்போதுதான் கை வேலையில் இறங்கும்.

மஞ்சக்குப்பத்தில் வெள்ளி விழாக் காணும் இளைஞர்களே! உறுப்பினர்களே! அப்பெயர்ப் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குவோம்.