அபுவெலீத்தா: இருமுறை கொஞ்சிய பெயர்

மெக்சிகோவில் ஒரு பேரக்குழந்தை தன் பாட்டியை 'அபுவெலீத்தா' என்று கூப்பிடும்போது, தன்னை அறியாமலே இருமுறை கொஞ்சிவிடுகிறது. ஸ்பானியத்தில் 'அபுவெலா' என்றால் பாட்டி. 'ஈத்தா' சிறுமையையும் செல்லத்தையும் சேர்த்துணர்த்தும் பெண்பால் விகுதி. அபுவெலாவையும் சற்றுப் பிரித்துப் பாருங்கள்: இலத்தீனில் பாட்டிக்கு வழங்கிய 'அவியா'வும், அதன்மேல் மக்கள் பேச்சு ஏற்றிய 'ஒலா' என்னும் பழைய செல்ல விகுதியும் தென்படும். அந்த 'அவியொலா'வில் அழுத்தம் ஒகரத்தின்மேல் நகர, 'நொவுஸ்' (புதிது) 'நுவெவோ' ஆனதுபோலவும் 'பொனுஸ்' (நல்லது) 'புவெனோ' ஆனதுபோலவும், அக்குறில் 'உவெ' என்று நெகிழ்ந்து விரிந்தது. வகரம் எழுத்தில் பகரமாயிற்று. ஆயினும் வாயில் இன்றும் இதழ்கள் முழுதாக ஒட்டுவதில்லை, இடையே மூச்சு கசிகிறது.

காலப்போக்கில் விகுதி நிற்க, அதன் செல்லம் மட்டும் தேய்ந்தது. தேனீயைக் குறிக்கும் 'அபெஹா'வும் செம்மறியைக் குறிக்கும் 'ஒவெஹா'வும் இப்படித்தான். சின்னத் தேனீ, சின்ன ஆடு என்று பிறந்த சொற்கள், இன்று எவ்வளவு பெரிய ஆட்டுக்கும் பொது. தேனீயை யாரும் கொஞ்ச வேண்டியதில்லை, பாட்டியை அப்படி விட முடியுமா? பழைய விகுதி வலுவிழந்ததும் புதியதைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா அம்மாவை அழைக்கும் 'பப்பா', 'மம்மா' ஆகியவற்றின் ஈற்றழுத்தம் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்த கடன் என்பர், பாட்டி கடன்படவில்லை.

தற்பெருமை பேசுபவனைப் பார்த்து ஸ்பெயினில் 'உனக்குப் பாட்டி இல்லையோ?' என்பார்கள். புகழ்வது பாட்டியின் வேலை. அவள் இல்லாதவன்தான் அதைத் தானே செய்துகொள்வான் என்பது கருத்து. எவ்வளவு நுட்பமான ஏச்சு!

செல்லம் தேய்ந்த அபுவெலாவுக்கு வேறொரு கனமும் வந்து சேர்ந்தது. 1976-இல் அர்ஜென்டினாவில் ஆட்சியைப் பிடித்த இராணுவம், தான் கடத்தியவர்களின் குழந்தைகளையும் சிறையில் பிறந்த சிசுக்களையும் பெயர் மாற்றிப் பிறரிடம் கொடுத்தது. அவர்களைத் தேடி 1977-இல் புவெனோஸ் ஐரிஸில் (மேலே கண்ட அதே 'புவெனோ'தான், பன்மையில்) திரண்ட பெண்கள் 'அபுவெலாஸ் தெ பிளாசா தெ மாயோ', அதாவது மாயோ சதுக்கத்துப் பாட்டிமார், என்று பெயர் பூண்டார்கள். 'ஈத்தா'வைச் சேர்க்கவில்லை. 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளோ சொல் இன்னும் சுருங்குகிறது. மெக்சிகோவில் 'அபுவே' என்று வாலை நறுக்குகிறார்கள். தலையை நறுக்கி 'லீத்தா' என்று கூப்பிடும் குடும்பங்களும் உண்டு. இந்த 'லீத்தா'வில் உள்ள லகரம் பழைய 'ஒலா'வின் மிச்சம், 'ஈத்தா' புதிய விகுதி. பாட்டி என்று பொருள்பட்ட 'அவியா'வின் ஓர் எழுத்தும் அதில் இல்லை.